சந்தைத் தெருவில் இறங்கிய மூன்று வண்டிகள்

எங்கள் ஊர்ச் சந்தைத் தெருவின் நட்டநடுவே ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ஓடத்தான் செய்தது. மலை மேலிருந்த கல் குவாரியில் ஒரு ஸ்டேஷன், தெருவின் கீழ்க்கோடியில் ஒரு ஸ்டேஷன். கல் ஏற்றிய சரக்கு வண்டிகள் மூன்று கிலோமீட்டர் சரிவில் இறங்கி ஊருக்குள் நுழைந்து, பாத்திரக் கடைக்கும் துணிக் கடைக்கும் நடுவே நானூறு தப்படி தூரம் ஊர்ந்து போய்த்தான் கீழ் ஸ்டேஷனில் நிற்க முடியும். அதற்கு முன்னால் கல்லை மாட்டு வண்டியில்தான் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரயில் போட வந்த கம்பெனிக்காரர்கள், ஊரைச் சுற்றிப் போனால் நிலம் வாங்க வேண்டும், தெருவோடு போனால் வாங்க வேண்டாம் என்று கண்டுபிடித்துத் தெருவையே எடுத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் முதல் வாரம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் திட்டினார்கள். மூன்றாவது வாரம் தண்டவாளத்தின் மேலேயே கடை விரித்துவிட்டார்கள்.

ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் தெருவுக்குள் ரயில் போகக் கூடாது என்பது விதி. அதற்காக என்ஜினுக்குப் பத்தடி முன்னால் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நடக்க வேண்டும். முதலில் அந்த வேலையில் இருந்தவருக்கு வயதாகிக் காது மந்தமாகிவிட்டது. ஒரு நாள் என்ஜின் வந்து முதுகைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கம்பெனி வேறு ஆள் தேடியது. நாள் முழுக்க நடந்து நடந்து ஊராரிடம் வசவு வாங்குகிற வேலைக்கு ஆண்பிள்ளைகள் யாரும் முன்வரவில்லை. குவாரி ஸ்டேஷனில் நின்ற வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறவரின் மனைவி, இருபத்தாறு வயதுக்காரி, நான் செய்கிறேன் என்று வந்து நின்றாள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் கொடிக்காரி.

ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. தெருவின் மேல்கோடியில், தண்டவாளம் ஊருக்குள் நுழைகிற இடத்தில், அவளுக்கென்று ஒரு மரக் கூண்டு இருந்தது. அதற்குள் ஒரு முக்காலி, கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற டெலிபோன், கீழ் ஸ்டேஷனில் மணி அடிப்பதற்கு ஒரு பித்தளை நெம்புகோல். குவாரியிலிருந்து வண்டி கிளம்பும்போது அவள் வீட்டுக்காரரே டெலிபோனில் சொல்வார். "கிளம்பிடுச்சு" என்பார், வைத்துவிடுவார். புருஷன் பெண்டாட்டி என்பதற்காக ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியது கிடையாது. அவள் கொடியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவாள்.

வியாழக்கிழமை சந்தை. அன்றைக்கு மூன்று தடவை ரயில் வரும். மூன்று தடவையும் தண்டவாளத்தின் மேலிருக்கும் கூடை, சாக்கு, தார்ப்பாய், தராசு எல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டு, கடைசி வண்டியின் வால் நகர்ந்ததும் திரும்பி வந்து உட்காரும். எடுக்கும்போது திட்டு, வைக்கும்போது திட்டு. அதிகமாகத் திட்டியவள் பீங்கான் கடைக்காரி. தட்டும் கோப்பையுமாக அடுக்கி வைத்திருப்பவள். வைக்கோலில் சுற்றி நகர்த்தி, மறுபடி பிரித்து அடுக்குவதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும்.

"ஏம்மா, உன் ரயிலுக்குப் போறதுக்கு வேற போக்கிடமே இல்லையா?"

"என் ரயிலா? எங்கப்பா வாங்கிக் குடுத்தாரு பாரு! எடுங்கக்கா, எடுங்கக்கா, என்ஜின் வந்துடுச்சு."

"வந்தா வரட்டும். மோதிட்டுப் போகட்டும். அப்பவாச்சும் உன் மூஞ்சிய நான் பாக்காம இருப்பேன்."

இப்படி ஒன்பது வருஷம் ஓடியது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் விசில் விவகாரம் வந்தது.

அது ஒரு மழைத் தூறல் நாள். சந்தை நிறைந்திருந்தது. சரிவின் மேலிருந்து என்ஜின் விசில் விடாமல் ஊதிக்கொண்டே வந்தது. விடாமல் ஊதினால் பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கம்பெனி விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. கொடிக்காரி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஓடுங்க! ஓடுங்க! வண்டி கட்டுக்கு அடங்கல!" என்று தெரு முழுக்க அலறிக்கொண்டு ஓடினாள். ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். தக்காளி நசுங்கியது. எண்ணெய்ப் பீப்பாய் சாய்ந்தது. பீங்கான் கடைக்காரியின் தட்டுகளில் நாற்பதுக்கு மேல் உடைந்தன. எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என்ஜின் வழக்கம்போல ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது. விசிலின் கம்பி சிக்கிக்கொண்டதாம், அதை நிறுத்த முடியவில்லையாம். அவ்வளவுதான். டிரைவர் எட்டிப் பார்த்து, எல்லாரும் ஏன் சுவரில் பல்லி மாதிரி ஒட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. வியாபாரிகள் சிரிக்கவில்லை, மனு எழுதினார்கள். பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கீழ் ஸ்டேஷன் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் படித்தார். இனிமேல் என்ஜினைக் கண்ணால் பார்க்காமல் தெருவைக் காலி செய்யக் கூடாது. மறுபடி செய்தால் வேலை போய்விடும்.

"புரிஞ்சுதா?" என்றார் மாஸ்டர்.

"கண்ணுல படுறதுக்குள்ள வந்துட்டா என்ன சார் பண்றது?"

"அதெல்லாம் கடிதத்துல இல்ல. கையெழுத்துப் போடு."

போட்டாள்.

அதற்கு அடுத்த இரண்டாவது வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வெயில் சுளீரென்று அடித்தது. தெருவில் எள் விழ இடமில்லை. கூண்டுக்கு அடுத்தாற்போல் மாட்டுப் பட்டி. விற்பனைக்காக நாலு நாள் முன்பே வந்து சேர்ந்த அறுபது மாடுகள் அதற்குள் நின்றன. பட்டிக்காரர் படலின் மேல் சாய்ந்து அரிவாளால் தீவனத் தட்டையை நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்கு வண்டி எதுவும் இல்லை. கொடிக்காரி முக்காலியில் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் அடித்தது.

"நீயா?" வீட்டுக்காரரின் குரல். மூச்சு இரைத்தது.

"நான்தான். என்னங்க, இந்த நேரத்துல?"

"மூணு வண்டி உருண்டுடுச்சு. கல்லோட. என்ஜின் இல்ல, தனியா."

கூண்டின் பலகைச் சுவரில் ஒட்டியிருந்த கம்பெனிக் கடிதத்தின் நகல் கண் முன்னால் இருந்தது. சரிவைப் பார்த்தாள். வளைவு வரைக்கும் தண்டவாளம் வெறிச்சென்று கிடந்தது.

"நல்லாத் தெரியுமா?" என்றாள். "போன தடவை மாதிரி..."

"நான் கட்டை வைக்கல. டிரைவர் கேட்டாரு, வச்சாச்சுன்னு சொல்லிட்டேன். வைக்கல. என் தப்புதான். ஜனங்களை நகத்து!"

பதினொரு வருஷக் குடித்தனம். அந்த மனிதர் தப்பு என்னுடையது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கைதவறிக் குடத்தை உடைத்தால் குடம் வழுக்கியது என்பார். வழி தவறினால் பாதை மாறிவிட்டது என்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது. வேறு எந்தச் சாட்சியும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

டெலிபோனைத் தொங்கவிட்டாள். பித்தளை நெம்புகோலைப் பிடித்து, கீழ் ஸ்டேஷனுக்கு நீள மணி அடித்தாள். பாதையைவிட்டு விலகு என்று அதற்கு அர்த்தம். பிறகு கொடியை எடுத்துக்கொண்டு தெருவில் பாய்ந்தாள்.

குவாரியிலிருந்து ஊர் வருவதற்கு, தானாக உருளுகிற வண்டிக்கு நாலு நிமிஷம், நாலரை நிமிஷம். அதில் அரை நிமிஷம் பேச்சில் போய்விட்டது.

"விலகுங்க! வண்டி வருது! கல் வண்டி தானா உருண்டு வருது! எல்லாத்தையும் விட்டுட்டு ஓடுங்க!"

முதல் வரிசையில் இருந்த வெங்காயக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சரிவைப் பார்த்தார். சிரித்தார்.

"இன்னிக்கு விசில்கூட ஊதலையே, கொடிக்காரி!"

அந்தச் சிரிப்பு கடைக்குக் கடை தாவியது. "கண்ணுக்குத் தெரியாத ரயிலுப்பா!" என்றார் ஒருவர். ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு விலகினாள், மற்றவர்கள் விலகாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பீங்கான் கடைக்காரி இரண்டு கையையும் விரித்துத் தட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"இன்னொரு தட்டு உடைஞ்சா உன்னைச் சும்மா விட மாட்டேன். போடி அந்தப் பக்கம்."

"அக்கா, சத்தியமாச் சொல்றேன்..."

"போன தடவையும் சத்தியம்தான் பண்ண."

கொடிக்காரி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறினாள். தெருவில் எண்ணூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒவ்வொருவராகப் பிடித்து இழுக்க முடியுமா? மேலே பார்த்தாள். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காலடியில் தண்டவாளம் மெதுவாக முனகத் தொடங்கியிருந்தது. சந்தை இரைச்சலில் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஒன்பது வருஷம் அந்த இரும்பின் மேல் நடந்த கால்.

திரும்பி மேட்டைப் பார்த்து ஓடினாள். பட்டிக்கு.

"படலைத் திறங்கண்ணே!"

பட்டிக்காரர் தட்டை நறுக்குவதை நிறுத்தினார். "எதுக்கு?"

"மாடுங்களைத் தெருவுல விடணும். வண்டி வருது. சொன்னா யாரும் நகர மாட்டேங்குறாங்க. மாடு வந்தா நகருவாங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அறுபது மாடு! ஊரான் மாடு! என் தோலை உரிச்சுடுவாங்க."

"அண்ணே, நேரமில்ல."

"முடியாதுன்னா முடியாது, தாயி."

அவர் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கினாள். அவர் தடுக்கத்தான் பார்த்தார், பிடி வழுக்கிவிட்டது. படலைக் கட்டியிருந்த கயிறு பெருவிரல் தடிமன். ஒரு வெட்டுக்கு அறவில்லை. இரண்டாவது வெட்டுக்கும் அறவில்லை. மூன்றாவதில் படல் பொத்தென்று விழுந்தது. தினமும் மதியத்தில் அந்த மாடுகளைத் தெருவோடு ஓட்டிப் போய்க் கீழ்க்கோடித் தொட்டியில் தண்ணீர் காட்டுவது வழக்கம். வழி அவற்றுக்குத் தெரியும். அன்றைக்கு வெயிலில் நின்று நாக்கு வறண்டிருந்தது வேறு. கொடிக்காரி அரிவாளை விடாமல் உள்ளே புகுந்து, மறு கையிலிருந்த கொடிக் கம்பால் பின்னால் நின்றவற்றின் முதுகில் வெளுத்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். முதல் நாலைந்து மாடுகள் தயங்கி வெளியே வந்தன. பிறகு மொத்தமும் முட்டிக்கொண்டு இறங்கியது.

கொடிக்காரி சொல்லிக் கேட்காத சந்தை, கொம்புகளைப் பார்த்ததும் கேட்டது. கூச்சல் மேல்கோடியில் கிளம்பிக் கீழ்க்கோடி வரை ஓடியது. கூடைகளைப் போட்டுவிட்டு ஆட்கள் கடைகளுக்குள் பாய்ந்தார்கள், படிகளில் ஏறினார்கள், சன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கினார்கள். துணிக் கடைக்காரர் யார் எவர் என்று பார்க்காமல் கையில் கிடைத்தவர்களையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டார். வெங்காயக்காரர் தன் சாக்கு மூட்டைகளின் மேல் ஏறி, அங்கிருந்து ஒரு கூரையைப் பிடித்துக்கொண்டார். பீங்கான் கடைக்காரி மட்டும் நகரவில்லை. ஒரு செவலைப் பசு அவளை இடித்துத் தள்ளியது. எதிர்ப்புறப் படிக்கட்டில் போய் விழுந்தாள். மாடுகளின் கால்களில் தட்டுகள் நொறுங்கின.

மந்தையின் கடைசி மாடு பாதித் தெருவைத் தாண்டியபோது வளைவில் வண்டிகள் தெரிந்தன.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: சத்தம் முதலில் வரவில்லை. பழுப்பு நிறத்தில் மூன்று பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, தூசியைக் கிளப்பிக்கொண்டு. அதற்குப் பிறகு சத்தம். சுவர்கள் அதிர்ந்தன, ஓடுகள் சரிந்தன. கூண்டைத் தாண்டியபோது அடித்த காற்றில் கொடிக்காரி பட்டிச் சுவரில் போய் மோதினாள். தெருவில் கிடந்த கூடைகளும் தார்ப்பாய்களும் தராசுகளும் வண்டிகளுக்கு முன்னால் சருகு மாதிரி பறந்தன. மந்தையின் கடைசியில் போன ஒரு காளையும் ஒரு பசுவும் அகப்பட்டுக்கொண்டன. வண்டிகள் கீழ் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, தண்டவாளம் முடிகிற இடத்தில் நிற்காமல் தாவி, சரக்கு ஷெட்டின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போய் வயலில் விழுந்தன. மணிச் சத்தம் கேட்டதுமே மாஸ்டரும் இரண்டு சுமைதூக்கிகளும் வெளியே ஓடியிருந்தார்கள்.

தூசி அடங்கியது. பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மா, அண்ணா, அத்தை, ஏய் பெரியவனே. கூப்பிட்ட குரலுக்கெல்லாம் எங்கிருந்தோ பதில் வந்தது. எல்லாக் குரலுக்கும் வந்தது. கொடிக்காரி பட்டிச் சுவரோரம் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டிக்காரர் பக்கத்தில் வந்து குந்தினார். அரிவாளைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மடங்கியபடியே இறுகிப் போயிருந்தன. விரிக்கச் சொன்னார், அவளால் முடியவில்லை. ஒவ்வொரு விரலாக அவர்தான் பிரித்து எடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகள் பக்கத்து வீட்டில். கொடிக்காரி முகம் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன் வைக்கல?" என்றாள்.

"கட்டை இல்ல."

"எங்க போச்சு?"

"குளிர்காலத்துல மேல விறகு ஈரமா இருந்துச்சு. ரெண்டு கட்டையைப் பிளந்து அடுப்புல வச்சுட்டேன். புதுசு கேட்டா பழசு என்னாச்சுன்னு கேப்பாங்க. அதான் கேக்கல. கை பிரேக் மட்டும் போட்டா நிக்கும்னு நினைச்சேன். ரெண்டு மாசமா நின்னுச்சு."

தண்ணீர் பிடிப்பதற்காக டிரைவர் என்ஜினைக் கழற்றியிருக்கிறார். கட்டை வைத்தாயிற்றா என்று கத்தியிருக்கிறார். இவர் வைத்தாயிற்று என்று பதில் கொடுத்திருக்கிறார். என்ஜின் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனதும், கண் முன்னாலேயே சக்கரம் நகர்ந்திருக்கிறது. பிரேக்கை இறுக்கிப் பார்த்திருக்கிறார். தேய்ந்த பிரேக் பிடிக்கவில்லை. உடனே டெலிபோனுக்கு ஓடினாராம்.

"விசாரணை வரும்" என்றார். "டெலிபோன்ல நான் சொன்னது நமக்கு ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். வண்டி உருண்டுடுச்சுன்னு சொன்னாருன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

"டிரைவரு?"

"நான் கட்டை வச்சேன், அவர் என்ஜினைக் கழட்டும்போது இடிச்சு நகந்திருக்கும்னு சொல்லப்போறேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு வேற வேலை தெரியாது. உள்ளே தள்ளிட்டாங்கன்னா பொண்ணை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

கொடிக்காரி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் உலை வைத்தாள். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கீழ் ஸ்டேஷனின் காத்திருப்பு அறையில் மேசை போட்டு விசாரித்தார். வெளியே தாழ்வாரத்தில் பாதி ஊர் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். சன்னல்கள் திறந்திருந்ததால் எல்லாம் வெளியே கேட்டது.

முதலில் மாட்டுக்காரர்கள். ஊரான் மாட்டை அவிழ்த்துவிட இவளுக்கு யார் உரிமை கொடுத்தது என்று குதித்தார்கள். அடுத்து பீங்கான் கடைக்காரி, கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள்.

"கையை ஒடிச்சுட்டாங்க ஐயா. மாட்டை ஏவி விட்டுக் கையை ஒடிச்சுட்டா. தட்டு ஒண்ணு மிச்சமில்ல."

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். "மாடு உங்களை இடிக்கிறதுக்கு முன்னாடி எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"என் கடையிலதான்."

"கடை எங்க?"

"தண்டவாளத்து மேல." சொல்லி முடித்ததும் அவள் வாய் அப்படியே நின்றது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இருந்தாலும் வலிக்குது ஐயா" என்றாள். தாழ்வாரத்தில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

பிறகு டிரைவர். முப்பது வருஷம் என்ஜின் ஓட்டினவர். தொப்பியைக் கையில் வைத்து அதன் விளிம்பைத் திருப்பிக்கொண்டே பேசினார். "நான் கேட்டேன் சார். வச்சாச்சுன்னு சொன்னாரு. சத்தமாத்தான் சொன்னாரு."

கொடிக்காரியின் வீட்டுக்காரர் உள்ளே போனார். கட்டை வைத்தேன் என்றார். என்ஜின் இடித்திருக்கும் என்றார். டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையைச் சன்னலுக்கு வெளியே நின்றவர்கள் பார்த்தார்கள். கோபம் இல்லை அதில். இரண்டு பேரும் ஒன்பது வருஷம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

"அந்தக் கொடி பிடிக்கிற அம்மாவைக் கூப்பிடுங்க."

உள்ளே போய் மேசைக்கு முன்னால் நின்றாள். அதிகாரி கம்பெனிக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே? என்ஜினைப் பாக்காம தெருவைக் காலி பண்ணக் கூடாதுன்னு இருக்கு."

"ஆமாங்க."

"பாத்தீங்களா?"

"இல்லீங்க. டெலிபோன் வந்துச்சு."

"போன மாசம் விசிலைக் கேட்டு ஏமாந்தவங்க நீங்க. வேலை போயிடும்னு எழுதிக் கொடுத்திருக்கோம். இருந்தும் வெறும் டெலிபோனை நம்பி அறுபது மாட்டை அவிழ்த்து விட்டிருக்கீங்க. எப்படி நம்பினீங்க?"

அவள் திரும்பி, சுவரோரம் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் தொப்பியைத் திருப்புவதை நிறுத்தியிருந்தார். தாழ்வாரத்தில் நின்றவர்கள் சன்னலோடு நெருக்கினார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது, ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"வண்டி உருண்டுடுச்சுன்னு மட்டும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேங்க" என்றாள். "ரெண்டு தடவை யோசிச்சிருப்பேன். வேலை போயிடுமேன்னு நின்னிருப்பேன். அவர் இன்னொண்ணு சொன்னாரு."

"என்ன சொன்னார்?"

"கட்டை வைக்கல, வச்சாச்சுன்னு பொய் சொல்லிட்டேன், என் தப்புதான்னு சொன்னாரு."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இவர் உங்க வீட்டுக்காரர். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"பதினொரு வருஷமா ஒரு தப்பையும் ஒத்துக்காத மனுஷன் சார் அவர். அன்னிக்கு ஒத்துக்கிட்டாரு. அதனாலதான் ஓடினேன்." அதிகாரியின் தாளைக் காட்டினாள். "இதையும் சேத்து எழுதிக்கங்க. சக்கரம் நகந்ததும் அவர் ஓடி ஒளிஞ்சிருக்கலாம். ஒளியல. டெலிபோனைச் சுத்தினாரு. எடுக்கப்போறது நான்னு தெரியும். எங்கிட்டயே அதைச் சொன்னாரு. அவர் சொல்லலேன்னா இந்தச் சன்னல்கிட்ட நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு இன்னிக்கு இல்ல."

அதிகாரி வெகு நேரம் எழுதினார். வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவங்க சொல்றது சரிதானா?" அவர் தலையை ஆட்டினார். சரி என்கிற ஆட்டம்.

அவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அந்த வாரமே. டிரைவர் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். மாட்டுக்காரர்களுடன் கம்பெனி ஏதோ பேசித் தீர்த்துக்கொண்டது. கொடிக்காரிக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக இன்னொரு கடிதம் வந்தது. பாராட்டு ஒன்றும் அதில் இல்லை.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. அடிதடி கிடையாது, சண்டை கிடையாது. எட்டு வயது மகள்தான் இருவருக்கும் நடுவில் டெலிபோன். "உங்கம்மாகிட்டச் சொல்லு, குழம்புல உப்பு கம்மி." மகள் இரண்டடி நடந்து அடுப்படியில் சொல்வாள். "உங்கப்பாகிட்டச் சொல்லு, உப்பு ஜாடி அவர் பக்கத்துலதான் இருக்கு." மகள் திரும்பி வருவாள். கொஞ்ச நாளில் அவளுக்குச் சலித்துவிட்டது. இரண்டு பக்கமும் தனக்குத் தோன்றியதை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அப்படியும் அவர்கள் நேருக்கு நேர் பேசவில்லை. அவர் காலையில் கிளம்பிப் போய், புதிதாக வந்திருந்த லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றினார். ஊரில் அவரைக் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் வலியக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டும் அவருக்கு ஒரே மாதிரிதான் உறுத்தின.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஊர் ரயிலைத் தெருவுக்குள் விடச் சம்மதிக்கவில்லை. வண்டி வருகிற நேரத்தில் வியாபாரிகள் கடைகளை எடுக்க மறுத்து, தண்டவாளத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் உட்கார்ந்தவள் பீங்கான் கடைக்காரி. கம்பெனி இரண்டு மாதம் மல்லுக்கட்டிப் பார்த்தது. அதற்குள் குவாரிக்குப் பின்பக்கமாக லாரிப் பாதை வெட்டிவிட்டார்கள். கல் லாரியில் போகத் தொடங்கியது. ரயிலை நிறுத்திவிட்டார்கள். கொடிக்காரியைக் கம்பெனி கைவிடவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெரிய லைனில், ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற ஒரு ரயில்வே கேட்டுக்கு மாற்றியது. கேட்டோடு ஒரு வீடும் உண்டு.

"உங்கப்பாகிட்டக் கேளு, கூட வர்றாரான்னு" என்று மகளிடம் சொன்னாள்.

மகள் கேட்டாள். கிளம்புகிற அன்று காலையில், தான் வேலை செய்த ஷெட்டிலிருந்து ஒரு லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பெட்டி, பாய், அண்டா, முக்காலி எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக ஏற்றினார். மகள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். தையல் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். நடுவில் ஆள் இல்லை.

"இதை முன்னாடி வைக்கவா, பின்னாடி வைக்கவா?" என்றார்.

ஐந்து மாதத்தில் அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"பின்னாடி வச்சா குலுங்கும்" என்றாள்.

முன்னால்தான் வைத்தார். வழியில், லாரிக்காரருக்கும் மகளுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கு நீ சொல்லாம இருந்திருந்தா, அந்த என்ஜின் டிரைவர் வீட்டுப் பக்கம் நான் இனிமே தலைகாட்டியிருக்க முடியாது."

"இப்ப காட்டினீங்களா?"

"நேத்து போயிருந்தேன். சோறு போட்டாங்க."

அதற்குள் லாரி மேடு ஏறத் தொடங்கியது, அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடவில்லை.

அந்தக் கேட்டில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். அவர் கேட்டைக் கடக்கிற ரோட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பிறகு அந்த வழியாகப் பஸ் வந்தது. மகள் அதில் ஏறிப் பெரிய பள்ளிக்கூடம் போய்ப் படித்து, கடைசியில் ஒரு பஸ் டிப்போவில் டைம் கீப்பர் ஆனாள். எங்கள் ஊர்த் தெருவில் தண்டவாளத்தைப் பெயர்க்கவில்லை, அதன் மேலேயே தார் ஊற்றிவிட்டார்கள். கொடிக்காரி ஒரே ஒரு தடவைதான் திரும்பி வந்தாள், யாரோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு. சந்தை நாள். தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நகர முடியாமல் நின்றது. கண்டக்டர் இறங்கி, கடைக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் அசையவில்லை. கொடிக்காரி கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவசர அவசரமாகக் கல்யாண வீட்டுக்கு நடந்தாள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.